செகண்ட் ஹேண்ட் பைக்: முதல்ல பேப்பர், அப்புறம் இன்ஜின்

இந்த எபிசோடுல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கறதைப் பத்திப் பேசலாம். பைக் பார்க்கப் போறப்ப மெக்கானிக் தெரிஞ்ச நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி சத்தம் கேட்பார், ஒரு ரவுண்டு ஓட்டுவார், "வண்டி சூப்பர் மச்சி"ன்னு சொல்வார், டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடுவோம். ஆனா இன்ஜின்ல பிரச்சினைன்னா காசு செலவு பண்ணி சரி பண்ணிடலாம். பேப்பர்ல பிரச்சினைன்னா, எவ்வளவு நல்லா ஓடினாலும் அது உங்க வண்டி ஆகாது. அதனால வரிசையைக் கொஞ்சம் மாத்திக்கலாம்: தேவை, பேப்பர், இன்ஜின், கடைசியா பேர் மாத்தறது.

யாருக்கு எந்த வண்டி?

ஸ்ப்ளெண்டர் பிளஸ் எடை 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. தினமும் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் டிராஃபிக்ல ஊர்ந்து போறவருக்கு இந்த 80 கிலோ வித்தியாசம் சாயங்காலம் மணிக்கட்டுல தெரியும். மாசம் ஒரு தடவை ஏலகிரி போறதுக்காக, மத்த நாளெல்லாம் கஷ்டப்படணுமான்னு யோசிங்க. உட்கார்ந்து பார்க்கும்போது ரெண்டு காலும் தரையில நல்லா ஊன்றுதா? வண்டியைப் பின்னாடி தள்ளி பார்க்கிங்ல இருந்து எடுக்க முடியுதா? இதை வாங்கறதுக்கு முன்னாடியே செஞ்சு பாருங்க.

தயாரிப்பு வருஷமும் முக்கியம். 125 சிசிக்கு மேல உள்ள பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல்ல, மத்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல்ல. மழைக்காலத்துலயும் ஓட்டப்போறீங்கன்னா ஏபிஎஸ் இருக்கற வண்டியாப் பாருங்க. பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரல்ல. அதோட பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டர்ல இருந்து ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு. கார்புரேட்டர் வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துடுவார். இன்ஜெக்ஷன் வண்டியில கோளாறுன்னா ஸ்கேனர் இருக்கற இடத்துக்குப் போக வேண்டி வரலாம்.

பேப்பர்ல என்ன பார்க்கணும்?

வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே நம்பரை வாங்கி எம்-பரிவாஹன் ஆப்ல போடுங்க. ஆர்.சி. எதுவரைக்கும் செல்லும், இன்சூரன்ஸ் இருக்கா, ஃபைனான்ஸ் பதிவு இருக்கான்னு தெரிஞ்சிடும். கட்டாத அபராதம் இருக்கான்னு ஈ-சலான் தளத்துல பாருங்க.

டியூ போட்டு வாங்கின வண்டின்னா, கடன் அடைச்சா மட்டும் போதாது. பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் குடுத்து ஆர்.சி.யில ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கணும். பெங்களூர் வண்டி சல்லிசா வருதேன்னு ஆசைப்பட்டீங்கன்னா, அந்த ஊர் ஆர்.டி.ஓ. தர்ற என்.ஓ.சி.யும், இங்க கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அப்போ சல்லிசு அவ்வளவு சல்லிசா இருக்காது.

ஆர்எக்ஸ் 100 மாதிரி பழைய வண்டின்னா இன்னொரு விஷயம். அதோட தயாரிப்பு 1996-ல நின்னுடுச்சு. ஆர்.சி. முதல்ல 15 வருஷம்தான் செல்லும், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். புதுப்பிக்காத வண்டியை "அதெல்லாம் பண்ணிக்கலாம் தம்பி"ன்னு சொல்லி விற்பாங்க. அவங்களையே பண்ணித் தரச் சொல்லுங்க.

நேர்ல போனதும்

முதல்ல சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க. எண்கள் சுரண்டியிருந்தாலோ, திரும்பக் குத்தின மாதிரி தெரிஞ்சாலோ, அங்கேயே கிளம்பிடுங்க.

அடுத்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்க, ஆனா சூடா இருக்கலாம், ஜாக்கிரதை. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறினப்புறம் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. சைலன்சர்ல நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது. முன்னாடி ஃபோர்க்ல ஆயில் கசியுதா, ஹேண்டில் நேரா இருக்கா, செயின் ஸ்ப்ராக்கெட் பல்லு கூராயிடுச்சான்னு பாருங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். மீட்டர்ல 12,000 கிலோமீட்டர்தான் காட்டுது, ஆனா ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்குன்னா, மீட்டரை நம்பாதீங்க. சர்வீஸ் பில் கேளுங்க.

சாவி வாங்கினா வேலை முடியல

பல பேர் 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு, அதை அப்படியே சீட்டுக்கு அடியில வெச்சு மாசக்கணக்குல ஓட்டுவாங்க. இதுதான் பெரிய ஆபத்து. சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள்ளன்னா விற்றவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள.

ஒரு வழக்கு சொல்றேன். ஒரு கார் கைமாறிக் கைமாறிப் பல பேர்கிட்டப் போயிடுச்சு. ஆர்.சி.யில மட்டும் முதல்ல விற்றவர் பேரே இருந்தது. அந்த கார் மோதி ஒரு உயிர் போச்சு, வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்ல. 2018-ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. பைக்குக்கும் இதே சட்டம்தான். அதனால பேர் மாத்தறது விற்கறவருக்கும் பாதுகாப்பு. இதை எடுத்துச் சொன்னா, இழுத்தடிக்கிற ஆளும் ஆர்.டி.ஓ. வேலைக்கு ஒத்துழைப்பார்.

வாங்கறவருக்கும் நஷ்டம் இருக்கு. வண்டி திருடு போனா, பேப்பர்ல அது இன்னொருத்தர் வண்டி. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். அது மாறலைன்னா, உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்கறது கஷ்டம். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால பிரீமியம் கொஞ்சம் கூடும். பட்ஜெட்ல அதையும் சேர்த்துக்கோங்க.

கன்சல்டிங்ல வாங்கினாலும், நேரா ஓனர்கிட்ட வாங்கினாலும், முழுப் பணத்தையும் முதல் நாளே குடுக்காதீங்க. பேர் மாறி வர்ற வரைக்கும் ஒரு தொகையை நிறுத்தி வைக்கலாம்னு பேசி, அதை எழுதியும் வாங்கிக்கோங்க. ஆர்.சி.யில உங்க பேர் வந்தப்புறம் ஏலகிரிக்குக் கிளம்புங்க. ஹெல்மெட்டை மறந்துடாதீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.