எலும்புக்குள்ளே தசைப் புற்று!

"மூட்டு வலிதானுங்களே, தைலம் போட்டு நீவி விடுங்க" என்று நம் கொங்குப் பக்கம் சகஜமாகச் சொல்வார்கள். நீவுவதும் கட்டுவதும் எங்கள் சித்த வைத்தியத்தில் உள்ளதுதான். ஆனால், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, நாளுக்கு நாள் பெருக்கிற வீக்கம், லேசாக இடறியதற்கே எலும்பு முறிவு... இப்படியென்றால் நீவாதீர்கள், கட்டும் வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

கர்ப்பப்பை, குடல், ரத்தக் குழாய்ச் சுவர் ஆகியவற்றில் இருப்பது மென்தசை. அதன் புற்று அபூர்வமாக எலும்பிலேயே தோன்றும். எலும்புக்குள் தசை ஏது என்கிறீர்களா? அங்கேயும் ரத்தக் குழாய் ஓடுகிறதே! அதன் சுவரிலிருந்து கிளம்புவதாகக் கருதுகிறார்கள். 1965-ல்தான் இதை முதலில் விவரித்தார்கள். எலும்பில் பிறக்கும் புற்றுகளில் 100-க்கு ஒன்றுகூட இராது. முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வரும்.

எக்ஸ்ரேயில் எலும்பு அரித்தது தெரியும். என்ன புற்று என்று தெரியாது. பயாப்ஸி எடுத்து, ஆக்டின், டெஸ்மின் என்ற தசைப் புரதங்கள் உள்ளனவா என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைக் கேட்டே ஊசி குத்துவது முக்கியம். ஊசித் தடத்தில் புற்றணுக்கள் தங்கலாம். அந்தத் தடத்தையும் சேர்த்து அவர் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கர்ப்பப்பைப் புற்று பரவி எலும்புக்கு வந்தாலும் மைக்ராஸ்கோப்பில் இதே போலத்தான் தெரியும். அதனால் வயிறு, மார்பு ஸ்கேனும் கேட்பார்கள். தாய்மார்களே, எத்தனை வருஷத்துக்கு முன் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்திருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.