மருதாணிச் செடி ஒன்று வீட்டில் இருக்கட்டும்

ஆடி வெள்ளியா, கல்யாணமா, உடனே கடைக்கு ஆள் அனுப்பி ‘கோன்’ வாங்கி வந்துவிடுகிறோம். அதிலும் ‘கறுப்பு மருதாணி’ என்றால் பெண்களுக்குக் கொண்டாட்டம். அரை மணியில் கை கறுத்துவிடுகிறதே! சௌகரியந்தான். ஆனால் மருதாணி இலையிலுள்ள ‘லாஸோன்’ என்ற சாயத்துக்குச் சிவக்க வைக்கத்தான் தெரியும். அரை மணியில் கறுக்க வைக்கத் தெரியாது.

அப்படிக் கறுத்தால், தலைமயிர்ச் சாயத்தில் சேரும் பாரா-ஃபினைலீன் டையமின் அதில் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். சிலருக்கு இது கோலம் போட்ட இடத்திலேயே கொப்புளங்களைக் கிளப்பி, தழும்பையும் விட்டுப் போகும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால், பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போதும் அதே தொல்லை வரக்கூடும். ஒரு நாள் அழகுக்கு இது அதிக விலை அல்லவா?

மாடியில் நல்ல வெயில் விழும் மூலை இருக்கிறதா? அது போதும். பென்ஸில் பருமனில் ஒரு சாண் குச்சியை நறுக்கி, இலைகளை உருவிவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் பாதியளவு ஊன்றுங்கள். துளிர்க்கும் வரை நிழல், பிறகு வெயில். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வளர்ந்ததும் இரக்கம் பார்க்காமல் கத்தரியுங்கள். கத்தரிக்கக் கத்தரிக்கக் கொழுந்து வரும்; கொழுந்திலேதான் சாயம் அதிகம். மனசு வராமல் விட்டுவிட்டால் மரமாகி, முள்ளும் விட்டு, கைக்கு எட்டாமல் நின்று வேடிக்கை காட்டும்! (மாலையில் அதன் பூ மணக்கும்போது கோபம் தணிந்துவிடும் என்பது வேறு விஷயம்.)

இலையைத் துளிப் புளியோ எலுமிச்சஞ் சாறோ சேர்த்து மைய அரையுங்கள். புளிப்புத்தான் சாயத்தை வெளியே இழுக்கிறது. மிக்ஸியானால் தண்ணீரை அதிகம் ஊற்றிவிடாதீர்கள், வழிந்தோடும். இரவு இட்டுக்கொண்டு, காலையில் கழுவாமல் உதிர்த்து விடுங்கள். முதலில் வெளிர் ஆரஞ்சு நிறந்தான் தெரியும். “பற்றவில்லையே!” என்று முகம் சுளிக்க வேண்டாம். காற்றுப் பட்டு, ஒன்றிரண்டு நாளில் நன்றாகச் சிவந்துவிடும். ஆகவே கல்யாணத்துக்கு முதல் நாள் அல்ல, இரண்டு நாள் முன்பே இட்டுக்கொள்வது உசிதம்.

இன்னொன்று. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, கலப்படமில்லாத மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். அந்தக் குறை இருப்பது பார்த்தால் தெரியாது. அதனால் கைக்குழந்தைகளுக்கு மருதாணி வேண்டவே வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி.