விசையில் கைவைக்கும் முன்

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசை இறுகிப்போய், இழுக்கும்போதே குழல் அசைந்து குறி தப்புகிறது. அமெரிக்காவில் வேட்டை ரைபிள்களுக்கென்று தனியாக விற்கும் விசையை வரவழைத்து அவரே மாட்டிக்கொள்ளலாமா? கூடாது. இயந்திரமும் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

விசை எப்படி இயங்குகிறது?

நாட்டுத் துப்பாக்கியில் ஏற்றிவைத்த குதிரையை ஒரு சிறு இரும்புப் பல் தாங்கி நிற்கும். விசையை இழுத்ததும் பல் விலகும். ஸ்பிரிங் உந்த, குதிரை பாய்ந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை அடிக்கும். ரைபிளில் குதிரைக்குப் பதிலாக ஊசி பாய்ந்து தோட்டாவைத் தாக்கும். பல் எவ்வளவு ஆழமாகக் கவ்வியிருக்கிறதோ அவ்வளவுதான் பாதுகாப்பு. விசை இலகுவாகட்டும் என்று பல்லை அரத்தால் ராவினால் அந்தப் பிடி குறையும். பிறகு துப்பாக்கி கைதவறி விழுந்தாலே வெடிக்கக்கூடும்.

எவ்வளவு இலகு போதும்?

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விசையின் இழுவை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலில் 1,000 கிராம். அவை நடுவர் கண்பார்வையில், சுடுதளத்தில் மட்டும் கையாளப்படுபவை. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் வேட்டை ரைபிளுக்குச் சுமார் ஒன்றரை கிலோ இழுவைதான் பொதுவாக ஏற்றது. எடையைக் குறைப்பதைவிட, உராயாமல் இழுபட்டு ஒரே இடத்தில் சட்டென்று விடுபடுவதே குறிக்கு உதவும்.

பெரிய நிறுவனமே தவறியது

1962இல் வந்த ரெமிங்டன் 700 ரைபிள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பெரிதும் பரவியது. விசையைத் தொடாமலே, பாதுகாப்புப் பூட்டை விலக்கியதும் வெடிக்கிறது என்று அதன்மீது பல வழக்குகள் வந்தன. 2000ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் ஒரு தாய் தோட்டாவை வெளியே எடுப்பதற்காகப் பூட்டை விலக்கியபோது ரைபிள் வெடித்து, அவருடைய 9 வயது மகன் இறந்தான். பழைய விசைக்கு மாற்றாக அந்த நிறுவனம் கொண்டுவந்த புதிய விசையும் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. பாகங்களைப் பூட்டும்போது இட்ட பசை அதிகமாகிவிட்டதே காரணம். ஒரு துளி பசை செய்யும் கேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விளக்கப்படி, துப்பாக்கியின் பாகங்களும் ‘ஆயுதம்’ என்பதில் அடங்கும். ஆகவே வெளிநாட்டிலிருந்து தனி விசையை வரவழைக்கவும் இறக்குமதி உரிமம் வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். துப்பாக்கி வைத்திருக்கத் தந்த உரிமம் அதைப் பிரித்து மாற்றத் தந்த உரிமம் ஆகாது.

வேட்டைக்காக என்றால் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக் கதவை மூடிவிட்டன. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரியில் இறங்கும் பறவைகளுக்கும் அதுதான் காவல். காட்டுப்பன்றித் தொல்லைக்கு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பயிரை இழந்து நிற்கும் விவசாயியின் வேதனை நியாயமானது. அவர் வனத்துறையிடம் புகார் கொடுத்து இழப்பீடு கேட்க வேண்டும். தானே சுடும் அனுமதி அவருக்கு இல்லை.

விசை பழுதானால்?

தோட்டாவை எடுத்துவிட்டு, உரிமப் புத்தகத்தோடு பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மாடலுக்கு உரிய விசையையே கேட்க வேண்டும். ரெமிங்டனுக்குச் செய்த விசை, இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைபிளில் பொருந்தாது. வேலை முடிந்ததும், வெற்றுத் துப்பாக்கியில் மூன்று சோதனைகளைக் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். பூட்டைப் போட்டு விசையை இழுத்து, கையை எடுத்தபின் பூட்டை விலக்க வேண்டும்; ஊசி பாயக் கூடாது. போல்ட்டை வேகமாக அறைந்து மூட வேண்டும். அப்போதும் பாயக் கூடாது. அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்ட வேண்டும், ஊசி அசையக் கூடாது. இவற்றில் ஒன்றில் தவறினாலும் அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.