ஆலி பொழிந்த பின்

ஆலி என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கச் செய்யுட்களிலே பயின்று வருவது. இன்று நாம் வழங்கும் ஆலங்கட்டி என்னுஞ் சொல்லும் அழகியதே. ஆலம் என்பதற்கு நஞ்சு எனவும் நீர் எனவும் பொருளுண்டு. மாணவர் பலர் நஞ்சு என்னும் பொருளொன்றையே அறிவர். 'நீர் கட்டியானமையால் ஆலங்கட்டி' என்று வகுப்பிலே விளக்குவது என் வழக்கம். விளக்கும்போதெல்லாம் பழைய தவறு ஒன்று என் நெஞ்சை உறுத்தும். சொல்லின் பொருளை அறிந்திருந்த நான், அச்சொல் குறித்த பொருள் கூரைக்கு என்ன செய்யும் என்பதை அறியாதிருந்தேன். அதனை ஈண்டுச் சொல்லுதல் வீடுடையார்க்கும் பாடசாலை நடத்துவோர்க்கும் பயன்படும் என எண்ணுகின்றேன்.

1998ஆம் ஆண்டு மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே இளம் ஆசிரியனாக இருந்தேன். சித்திரை மாதம், பிற்பகல். வானம் கறுத்தது. முதலிற் பெருந்துளிகள் விழுந்தன. பின்னர்க் கூரையின் மீது கூழாங்கற்களை வாரி இறைத்தாற் போன்ற பேரொலி எழுந்தது. பாடம் நின்றது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடி வெண்கட்டிகளைப் பொறுக்கினார்கள். நானும் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, ஆலி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கால்மணி நேரத்தில் வெயில் எறித்தது. கட்டிகள் உருகின. எல்லோரும் மகிழ்ந்திருந்தோம். கூரையை ஒருவரும் நிமிர்ந்து பார்த்திலோம்.

அப்பாடசாலையின் நூலகம் என் பொறுப்பில் இருந்தது. அதன் கூரை கல்நார்த் தகட்டினால் ஆயது. ஊரார் 'சீற்' என்பர். வைகாசி இறுதியிலே தென்மேற் பருவமழை தொடங்கிற்று. விடுமுறை நாட்கள் கழிந்து திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தபோது என் கை நடுங்கியது. சுவர்வழியே இறங்கிய நீர் பின்புறத்தால் உட்புகுந்திருந்தது. நிகண்டும், இலக்கண உரைகளும், முன்னிருந்த ஆசிரியர்கள் பல்லாண்டு தேடிச் சேர்த்துக் கட்டிவைத்த சஞ்சிகைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றுட் சில மீண்டும் கிடைத்தற்கரியன.

பழுது பார்க்க வந்த மேசன் பலகையிட்டு ஏறிப் பார்த்தார். "ஐயா, இது இன்னைக்கு உடைஞ்சது இல்லை. அன்னைக்குக் கல்மழை பேஞ்சுதே, அப்பவே வெடிச்சிருக்கு" என்றார். எங்ஙனம் அறிந்தீர் என்றேன். அருகருகே இருந்த இரு வெடிப்புகளைக் காட்டினார். ஒன்றிற் பாசி படர்ந்திருந்தது. மற்றையதன் விளிம்பு துப்புரவாய் இருந்தது. முன்னையது பல்லாண்டுப் பழையது, பின்னையது அண்மையது. அந்த மனிதரிடத்தில் அன்று நான் கற்ற பாடம் எந்நூலிலும் கற்றதன்று.

அடுத்த ஆண்டே, 1999 ஏப்பிரல் 14ஆம் நாள், நாம் புத்தாண்டு கொண்டாடும் அவ்வேளையிலே, அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர்மீது பெரும் ஆலிமழை பொழிந்த செய்தி வந்தது. அளந்தறியப்பட்ட கட்டிகளுட் சில 9 சென்ரிமீற்றர் குறுக்களவுடையன. பல்லாயிரம் வீடுகளின் கூரைகள் உடைந்தன. காப்புறுதி நிறுவனங்கள் ஏற்ற இழப்பு ஏறக்குறைய 1.7 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர். அந்நாட்டின் காப்புறுதித் துறை அதுகாறும் கண்டிராத தொகை. அங்கே இடிபுயற்காலம் பெரும்பாலும் பங்குனியோடு முடிவது. ஆகவே அம்மாலையில் அத்தகைய மழையை யாரும் எதிர்பார்த்திலர். கூரைகள் தார்ப்பாய்களின் கீழ்க் கிடந்த நாட்களில் மீண்டும் மழை பெய்து வீடுகளின் உட்புறத்தையும் கெடுத்தது. ஆலி உடைத்தது ஒரு பங்கு. பின்வந்த மழை கெடுத்தது மறு பங்கு. என் நூலகத்தின் கதையே ஒரு மாநகரளவாக விரிந்ததென நினைந்தேன்.

'வழக்கமாக இங்கே பெய்வதில்லை' என்ற நினைவு மட்டும் அளவுகோலாகாது என்பதற்குச் சிட்னி சான்று. ஆயின், தத்தம் ஊரின் இடரை வீடுடையார் எங்ஙனம் மதிப்பிடுவது? மூன்றனை நோக்குக.

முதலாவது, இடத்தின் உயரம். இடிமுகிலினுள்ளே மேலெழும் காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கு மேலான உயரத்துக்குத் தூக்கிச் செல்ல, சிறுகரு ஒன்றின்மீது பனி படிந்து படிந்து கட்டி பருக்கின்றது. பெருங்கட்டியை அரிந்து பார்த்தால் வெங்காயத்திற் போன்று அடுக்குகள் தெரியும். வெப்பவலயத்திலே உறைநிலை ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்துக்கு வரும் கட்டி அத்தனை தூரமும் வெம்மையான காற்றினூடே விழுதலால் பெரும்பாலும் உருகி மழையாகிவிடும். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கு மேலுள்ளது. அங்கே உருகுதற்குரிய தூரம் குறைவு. கென்யாவிலே தேயிலை விளையும் கெரிச்சோ மலைப்பகுதி ஆலிக்குப் பேர்பெற்றிருப்பதற்கும் உயரம் ஒரு காரணம்.

இரண்டாவது, காலம். நம் நாட்டிலே இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், சிறப்பாகப் பங்குனி சித்திரையிலே, பிற்பகல் இடிமுகில்கள் திரளும். துணைக்கண்டத்திலும் பருவமழைக்கு முந்திய வெம்மைக்காலமே கொடியது. 1888 ஏப்பிரல் 30இல் வட இந்தியாவின் மொராதாபாத் அருகே ஆலியால் 246 பேர் மாண்டனர். 1986 ஏப்பிரல் 14இல் பங்களாதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த கட்டியொன்று 1.02 கிலோகிராம் நிறையுடையது. உலக வானிலை அமைப்பு இவ்விரண்டையும் தன் உச்சப் பதிவுகளாகக் கொண்டுள்ளது.

மூன்றாவது, கூரையின் இயல்பும் வயதும். இதுவே நம் கைக்குட்பட்டது. கட்டியின் குறுக்களவு இரட்டித்தால் நிறை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடுதலால் தாக்குவலி ஏறக்குறைய பதினாறு மடங்காகும். அமெரிக்க வானிலைச் சேவை 2010ஆம் ஆண்டில் ஆலியைக் கடுமையானதெனக் கொள்ளும் அளவை முக்கால் அங்குலத்திலிருந்து ஓரங்குலமாக உயர்த்திற்று. அதனிற் சிறியவை கூரைக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவ்வளவு நல்ல கூரைக்கே பொருந்தும். வெயிலிலும் மழையிலும் நைந்த பழந்தகட்டுக்கு அதனிற் சிறிய கட்டியும் போதும். ஓடு நொறுங்கும், தகரம் குழியும், கல்நார்த்தகடு மயிரிழையாய் வெடிக்கும். செங்குத்தான கூரையிற் கட்டி வழுக்கி ஓடும். தட்டையான கூரையில் முழுவலியும் இறங்கும்.

ஆலி பொழிந்த பின் செய்யத்தக்கன சில. கட்டி உருகுமுன் ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. முதலிற் பீலி, வண்டியின் மேற்புறம், வாழையிலை ஆகியவற்றைப் பார்க்க. மென்பொருள்கள் தாக்குதலின் அளவை முதலிற் சொல்லும். பின்னர்ப் பகற்பொழுதிலே கதவு யன்னல்களை மூடி உள்ளே இருளாக்கி, மேல்நோக்குக. ஒளிப்புள்ளியோ ஒளிக்கீற்றோ தோன்றுமிடம் நீர் புகுமிடம். காற்று வீசிய திசைப்பக்கத்தைக் கூர்ந்து நோக்குக. கூரைமீது தாமே ஏறுதல் வேண்டா. சிறப்பாகக் கல்நார்த்தகட்டிற் காலூன்றின் அது முறிந்து மனிதரை வீழ்த்தும். உடைந்த தகட்டை அரிதலும் உரசுதலும் ஆகா. அதன் தூசி நெஞ்சறைக்குட் புகின் புற்றுநோய் விளைவிக்கும் என்று மருத்துவர் கூறுவர். நனைத்து, முழுத்துண்டாக, அறிந்தவரைக் கொண்டு அகற்றுதல் வேண்டும்.

காப்புறுதி உடையோர் பத்திரத்திலே ஆலி குறிக்கப்பட்டுள்ளதா என்பதை மழைக்கு முன்னரே வாசித்தறிக. பழந்தேய்வுக்கு இழப்பீடு கொடுப்பது அரிது. கூரை நன்றாயிருந்த காலத்து எடுத்த படமொன்று வைத்திருப்பின், பாசி பிடித்த வெடிப்பையும் புதிய வெடிப்பையும் பற்றிய வழக்கு எளிதில் தீரும்.

நனைந்த நூல்களில் ஒன்று இன்றும் என்னிடம் உண்டு. அது அந்த நிகண்டே. பாடசாலை கழித்துவிட்டதை அனுமதி பெற்று எடுத்து, ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினேன். சில பக்கங்களில் எழுத்துக்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிப் போயின. ஆலத்தின் பொருளை விளக்கும் நாளிலே அதனை வகுப்புக்குக் கொண்டு செல்வேன். கறைபடிந்த ஏடுகளை மாணவர் தொட்டுப் பார்ப்பர். பின்பு அவர்களை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, எங்கள் வகுப்பறையின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கச் செய்வேன். அந்தப் பாடத்தை நான் இருபத்தெட்டு வயதிற் கற்றேன். அவர்கள் பன்னிரண்டு வயதிலேயே கற்கட்டும்.