பயணப்படியும் பரஸ்பர நம்பிக்கையும்

மாதத்தின் ஐந்தாம் தேதி. இருசக்கர வாகனக் கடனுக்குரிய மாதத் தவணை ஊழியர் ஒருவரின் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிய வேண்டிய நாள். கணக்கில் போதிய இருப்பு இல்லாமையால் தவணை திரும்பிவிடுகிறது. அவர் ஊதாரியல்லர். முந்தைய மாதம் நிறுவனத்தின் வேலையாக வெளியூர் சென்றபோது விடுதி வாடகையையும் ஆட்டோ கட்டணத்தையும் தம் கையிலிருந்து கொடுத்தார். அத்தொகை இன்னும் திரும்பி வரவில்லை. தவணை தவறியதற்கான கட்டணத்தை அவரே செலுத்த வேண்டும்; அவருடைய கடன் மதிப்பெண்ணும் குறையக்கூடும்.

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் எழுப்பும் கேள்வியோ வேறு. “பயண விதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஊழியர்கள் பின்பற்றுவதில்லை. என்ன செய்யலாம்?” என்கின்றனர். இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினும் இவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே.

விதி ஏன் மீறப்படுகிறது?

புனேயில் இயந்திரங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பழுதுபார்ப்புப் பொறியாளர் ஒருவரின் மாத ஊதியம் 32,000 ரூபாய். அவர் ராஜ்கோட்டில் நான்கு இரவுகள் தங்கிப் பணி முடிக்கிறார். இரவுக்கு 1,800 ரூபாய் வீதம் விடுதி வாடகை 7,200 ரூபாய்; உணவுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் 2,800 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய், அதாவது ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ரசீதுகளை அவர் கணக்குப் பிரிவில் ஒப்படைக்கிறார். மேலாளர் கையொப்பம், காசாளரின் ஐயம், உரிமையாளரின் ஒப்புதல் என நாற்பது நாட்கள் கழிகின்றன.

இவ்வாறு பத்துப் பேர் பயணம் செய்தால், நிறுவனம் தன் ஊழியர்களிடமிருந்து ஒரு லட்சம் ரூபாயை வட்டியின்றிக் கடனாகப் பெற்றிருக்கிறது என்பதே பொருள். கடன் கொடுத்தவர் இழப்பை ஈடுகட்ட வழி தேடுவது இயல்பு. 120 ரூபாய் ஆட்டோ கட்டணம் வவுச்சரில் 200 ஆகிறது; அறையைப் பகிர்ந்துகொண்ட இருவர் தனித்தனி ரசீது பெறுகின்றனர். பொய்க் கணக்கு தவறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் விதியைப் பின்பற்றுவோர் நட்டப்படுவதும் மீறுவோர் தப்பித்துக்கொள்வதுமான ஏற்பாட்டில், சுற்றறிக்கைகளால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது.

அரசு வகுத்துள்ள முறை

இவ்வகையில் மத்திய அரசின் நடைமுறை ஒன்று கவனிக்கத்தக்கது. 2022-இல் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, அரசு ஊழியர்களின் அலுவல் முறை விமானப் பயணத்துக்கான நெறிகளை வெளியிட்டது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகமைகள் வழியாகவே பயணச்சீட்டு பெற வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். 72 மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் பதிவு செய்தால், அதற்கான காரணத்தை ஊழியரே எழுதித் தர வேண்டும் என்பன அவற்றுள் சில.

அவசரப் பயணத்தை இந்த நெறி தடுக்கவில்லை என்பதைக் காண்க. காரணத்தைப் பதிவு செய்யுமாறு மட்டுமே கேட்கிறது. சிறு நிறுவனங்களும் இவ்வாறே திட்டமிட்ட பயணத்துக்கு ஒரு வழியும் அவசரப் பயணத்துக்கு மற்றொரு வழியும் வகுக்கலாம். கண்காட்சிக்கோ ஆண்டுக் கூட்டத்துக்கோ செல்பவர் முன்பே பதிவு செய்யலாம். ரயில் சீட்டை 60 நாட்களுக்கு முன்பிருந்தே பெற முடியும். இயந்திரம் நின்றுபோய் இரவில் அழைப்பு வரும் பொறியாளருக்கோ தட்கல்தான் துணை. ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும், ஏசி அல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் தட்கல் பதிவு தொடங்குகிறது. அந்நேரத்தில் மேலாளரின் ஒப்புதலுக்காக அவர் காத்திருந்தால் இடம் போய்விடும். எனவே அத்தகையோருக்கு முன்கூட்டியே பொது ஒப்புதல் வழங்கிவிடுவதே அறிவுடைமை.

விடுதி வாடகைக்கு நாடு முழுவதும் ஒரே வரம்பு வைப்பதும் பொருந்தாது. வீட்டு வாடகைப் படிக்காக மத்திய அரசு நகரங்களை மூன்று வகையாகப் பிரித்துள்ளது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் முதல் வகையில் அடங்கும். நிறுவனங்களும் இப்பிரிவை ஒட்டி வரம்புகளை வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை சந்தை நிலவரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

காரணத்தை விளக்குவோம்

காரணம் அறிந்த விதியை மனம் ஏற்கிறது. அறியாத விதி அதிகாரமாகவே தோன்றுகிறது. மூன்று காரணங்களை ஊழியர்களிடம் எடுத்துரைக்கலாம்.

முதலாவது வரி. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிட்டு வாங்கும் விமானச் சீட்டுக்குச் செலுத்திய வரியை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். ஊழியர் தம் கைப்பேசிச் செயலியில் சொந்தப் பெயரில் வாங்கினால் அவ்வரவு கைநழுவிப் போகிறது.

இரண்டாவது ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் நீங்கலாக, வருமான வரிக் கணக்கில் அது தொழிற்செலவாக ஏற்கப்படுவதில்லை. விடுதிக்கோ வாடகை வண்டிக்கோ வங்கி வழியாகச் செலுத்தச் சொல்வது இதனாலேயே.

மூன்றாவது, எல்லாவற்றினும் மேலான பாதுகாப்பு. 2020 மார்ச் 22 முதல் பயணிகள் ரயில்கள் நின்றன. மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்று, இரண்டு மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் பறந்தன. அத்தகைய வேளையில் எந்த ஊழியர் எந்த ஊரில் எந்த விடுதியில் இருக்கிறார் என்பதை நிறுவனம் உடனே அறிந்தாக வேண்டும். அனைவரின் பதிவும் ஒரே வழியாக நடந்திருந்தால் அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பணத்துக்கு ஓர் ஒழுங்கு

ஊழியரின் சொந்தப் பணம் செலவாகாமல் பார்த்துக்கொள்வதே விதிகளைப் பின்பற்றச் செய்யும் எளிய வழி. பயணச்சீட்டையும் விடுதி வாடகையையும் நிறுவனமே நேரடியாகச் செலுத்தலாம். அன்றாடச் செலவுக்கு முன்பணம் நிரப்பிய ப்ரீபெய்ட் அட்டை வழங்கலாம். அடிக்கடி பயணம் செய்வோருக்கு நிறுவனக் கடன் அட்டை ஏற்றது. செலவு வரம்பை நிறுவனமே நிர்ணயிக்கலாம். ஆயினும் கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கலாகாது. எடுத்த நாள் முதலே வட்டி ஏறும். யுபிஐ வழியே செலுத்தினாலும் ரசீது கேட்டுப் பெற வேண்டும். கைப்பேசியில் தோன்றும் பரிவர்த்தனைக் குறிப்பு பணம் சென்றதைக் காட்டுமேயன்றி, எதற்காகச் சென்றது என்பதைக் காட்டாது.

காலக்கெடு இரு தரப்புக்கும் பொதுவாதல் வேண்டும். திரும்பி வந்த ஐந்து வேலை நாட்களுக்குள் ஊழியர் கணக்கை ஒப்படைக்கட்டும். அடுத்த ஏழு நாட்களுக்குள் நிறுவனம் தொகையை வரவு வைக்கட்டும். ஐயத்துக்குரிய ரசீது ஒன்றிருந்தால் அதை மட்டும் நிறுத்தி வைத்து, எஞ்சிய தொகையை உடனே வழங்கலாம். நூறு ரூபாய் ஐயத்துக்காகப் பத்தாயிரம் ரூபாயை முடக்குவது முறையன்று.

முதல் பயணி உரிமையாளரே

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது பழமொழி. உரிமையாளர் கடைசி நேரத்தில் உயர் வகுப்புச் சீட்டு வாங்கி, ரசீதின்றிக் கணக்கில் எழுதச் சொன்னால், அதைக் காசாளர் அறிவார். காசாளர் வழியாக அலுவலகமே அறியும். அவர் தம் பயணக் கணக்கையும் அதே படிவத்தில், அதே ஐந்து நாட்களுக்குள் கொடுப்பாராயின், வேறு சுற்றறிக்கை தேவைப்படாது.

பயண விதி செலவைக் குறைக்கும் கருவி மட்டுமன்று. ஒருவரையொருவர் நம்பலாம் என்பதற்கு எழுத்தில் தரும் உறுதி. தங்கள் நிறுவனத்தின் விதிகளை இம்மாதம் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதற்கு முன்பாக, ஊழியர்களுக்குத் தர வேண்டிய பயணத்தொகை எவ்வளவு, எத்தனை நாட்களாக நிலுவையில் உள்ளது என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் அந்த நிலுவை தீருமாயின், விதிகளைப் பின்பற்றுமாறு கேட்கும் தகுதி தங்களுக்கு முழுமையாகக் கிட்டும்.