இரவுப் பணிக்குக் கையெழுத்திடும் முன்

இளம் மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஊர்ப்பெயர் மட்டும் மாறி ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்து விழும். 'கேஷுவாலிட்டிக்கு டியூட்டி டாக்டர் உடனடித் தேவை. 24 மணி நேர டியூட்டி, மாதம் பத்து. ரூம், சாப்பாடு ஃப்ரீ.' கொஞ்சம் பெரிய மருத்துவமனை என்றால் 'எமர்ஜென்சி பிசிஷியன்' என்று கேட்பார்கள், எம்.டி., டி.என்.பி., எம்.இ.எம். எதுவானாலும் சரி என்று கூடவே ஒரு வரி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. காலையில் போன் செய்தால் மறுநாள் இரவே வந்து சேரச் சொல்லும் இடங்கள் உண்டு. சேர்ந்தவர் யாருடைய ஊழியர், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, விலகினால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் சொல்கிற தாள்தான் அவ்வளவு லேசில் கைக்கு வராது.

காரணம் இந்தத் துறையின் அமைப்பிலேயே இருக்கிறது. பேர் பெற்ற மகப்பேறு மருத்துவர் மருத்துவமனை மாறினால் அவரைத் தேடி வருகிறவர்களும் மாறுவார்கள். நிர்வாகத்துக்கு அந்தப் பயம் உண்டு. அவசர சிகிச்சை மருத்துவரைப் பெயர் சொல்லித் தேடி யாரும் வருவதில்லை. விபத்தும் மாரடைப்பும் எந்த வாசல் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே வருகின்றன. வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர்காக்கும் சிகிச்சையைத் தருவது கடமை, போலீஸ் நடைமுறைக்காக அது காத்திருக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயாளியைத் தேர்வு செய்யவும் முடியாது, தன்னோடு கூட்டிப் போகவும் முடியாது என்றால் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும்? எழுத்தில் வாங்கி வைத்திருப்பதுதான் இவருடைய பலம்.

எந்தப் பட்டம், எங்கே செல்லும்?

இந்தியாவில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009இல்தான். அதற்கு முன் கேஷுவாலிட்டி என்பது மற்ற துறையினர் முறை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிற இடம். எம்.டி., டி.என்.பி. இடங்கள் போதாத அந்த இடைவெளியில்தான் பெரிய தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயர்களோடு எம்.இ.எம். என்ற மூன்றாண்டுப் பயிற்சியை நடத்தத் தொடங்கின. அந்தப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பல நகரங்களில் இரவு நேரத்தில் தொண்டையில் குழாய் போட்டு உயிரைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் அதில் படித்து வந்தவர்களே. ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் அதை முதுநிலைப் பட்டமாக ஏற்கவில்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியாது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் செல்லாது. அந்தத் துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். மருத்துவமனை பெயர்ப்பலகையில் உங்களை 'கன்சல்டன்ட்' என்று போடுவது நிர்வாகம். புகார் வந்தால் கவுன்சிலில் போய் நிற்பது நீங்கள். எம்.ஆர்.சி.இ.எம். தேர்வும் இங்கிலாந்து போகிறவருக்குப் பெரிய கதவு. இங்கே அதை எம்.டி.க்கு நேர் என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலும், டி.என்.பி. என்றால் தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டியலிலும், அந்த மருத்துவமனை, அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'அங்கீகாரம் பெற்றது' என்று நம்பவைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்றால் வழியே இல்லாமல் இல்லை. அங்கீகாரம் இல்லாமலே பல் மருத்துவப் படிப்பு நடத்திய பீகார் கல்லூரி ஒன்றின் மீது மாணவர்கள் நுகர்வோர் வழக்குப் போட்டார்கள். கட்டணத்தைத் திருப்பித் தந்து இழப்பீடும் தர வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விளம்பரத் துண்டு, ரசீது, அட்மிஷன் அலுவலகத்தோடு நடந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டுதான் கெடு.

எம்.டி. படித்தவர்களுக்கும் தரை கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் அவசர மருத்துவத் துறை இருக்க வேண்டும் என்று 2020 விதிகள் கட்டாயமாக்கியபோது கல்லூரிப் பணியிடங்கள் வரிசையாக வரும் என்று நம்பி இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர். 2023இல் வந்த புதிய விதிகள் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டன. விதி ஒன்று மாறியதும் ஒரு தலைமுறையின் கணக்கே மாறிப்போனது. பேராசிரியர் பதவியை மனதில் வைத்து இந்தத் துறைக்கு வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பக்கம் இருக்கும் நிரந்தர வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு ஒன்றே வாசல்; மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் எடுப்பவை பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தங்கள். இரண்டுக்கும் இடையில் 'ஆள் இருக்கிறார்' என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ஊழியரா, கன்சல்டன்டா?

முதல் மாதச் சம்பளம் வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல் வரிப் பிடித்தம் எந்தத் தலைப்பில் நடந்திருக்கிறது என்று பாருங்கள். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்திருந்தால் காகிதப்படி நீங்கள் ஊழியர் அல்ல; சேவை விற்க வந்த வெளியாள். ஆனால் கைரேகை வைத்து வருகைப் பதிவு, நிர்வாகம் போடும் டியூட்டி பட்டியல், லீவுக்கு அனுமதி, வெளியே பிராக்டிஸ் செய்யத் தடை எல்லாமே ஊழியருக்குரியவை. சம்பள விடுப்பு, பணிக்கொடை என்று வரும்போது மட்டும் 'நீங்கள் கன்சல்டன்ட் ஆயிற்றே டாக்டர்' என்பார்கள்.

ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் பார்த்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. கட்டுப்பாடு யாரிடம், ஊதியம் எப்படி, எந்தெந்த நிபந்தனைகள் என்று முழு உறவையும் எடைபோடுகின்றன. மருத்துவமனை வாகன விபத்தில் இறந்த ஒரு கண் மருத்துவரின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ஆராய்ந்தது. அங்கே அவர் ஊழியர் அல்ல என்ற முடிவுதான் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுத் தந்தது என்பது வேடிக்கை. ஆகவே 'ஊழியர்' என்ற பெயர் எப்போதும் லாபம், 'கன்சல்டன்ட்' எப்போதும் நஷ்டம் என்று இல்லை. எது என்று தெரியாமல் இருப்பதே நஷ்டம்.

பெண் மருத்துவர்கள் இதில் கூடுதலாக இழக்கிறார்கள். 26 வார மகப்பேறு விடுப்புக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஒப்பந்தம் முடியப்போகிறது என்று சொல்லி அதை வெட்டவும் முடியாது: தில்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தப் பணியில் இருந்த மருத்துவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பலன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு நிரந்தர ஊழியர், பயிற்சியாளர், ஒப்பந்தக்காரர் என்ற பேதமே கிடையாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். இரவில் தூங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது நேர்காணலிலேயே கேட்கத் தகுந்த கேள்வி.

'ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போங்கள்'

சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. சரிபார்க்க வேண்டுமென்றால் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான். கல்விச் சான்றிதழ் விற்கவோ அடகு வைக்கவோ கூடிய பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், இன்ன தேதியில் இன்னின்ன சான்றிதழ்களைக் கொடுத்தேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைக்கட்டும். அதற்கு வரும் 'ஓ.கே.'கூட பின்னாளில் ஆதாரம்.

பாண்டு வேறு கதை. ஒரு குறிப்பிட்ட காலம் வேலை செய்யாமல் போனால் இன்ன தொகை என்று எழுதி வாங்குவது சட்டவிரோதம் அல்ல. 2 லட்ச ரூபாய் கேட்ட வங்கி ஒன்றின் பாண்டை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்காக எழுதிய தொகை முழுதும் தானாகச் சேர்ந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு; எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு. 'விலகிய பின் 20 கிலோமீட்டருக்குள் எந்த மருத்துவமனையிலும் சேரக் கூடாது' என்ற வகை நிபந்தனைகள் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் அடிபட்டுப் போகும். பயமுறுத்தவே அவை எழுதப்படுகின்றன, பலரும் பயப்படவும் செய்கிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது அனுபவச் சான்றிதழுக்கு. வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு நேராகப் பழைய மருத்துவமனைக்கே போகும். அங்கே மனிதவளப் பிரிவில் பதில் போடாமல் கிடப்பில் வைத்தால் உங்கள் உரிமம் கிடப்பில் கிடக்கும். சண்டை போட்டுவிட்டு இரவோடு இரவாகக் கிளம்புவதைவிட, மின்னஞ்சலில் ராஜினாமா, நோட்டீஸ் காலம், 'நோ டியூஸ்' கையெழுத்து என்று முடித்துவிட்டு வருவது லாபம். வெளிநாட்டு ஏஜென்ட் என்றால் இ-மைகிரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இங்கிலாந்தில் வேலை தேடித் தரும் ஏஜென்சி விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதே குற்றம்.

இரண்டு மணிக்கு யார் வருவார்?

நேர்காணலில் சம்பளத்தைவிட முக்கியமான கேள்விகள் சில. இரவில் எத்தனை மருத்துவர்? வார்டில் ஒருவருக்கு மூச்சு நின்றால் ஓடுவதும் கேஷுவாலிட்டி மருத்துவரேதானா? நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பும்போது ஆம்புலன்ஸில் கூடப் போவது யார், அப்போது கேஷுவாலிட்டியில் இருப்பது யார்? ஆன்-கால் மருத்துவர் நேரில் வருவாரா, போனில் மருந்து சொல்லிவிட்டு வைத்துவிடுவாரா?

கடைசிக் கேள்வி சட்டத்தோடு நேரடியாக முட்டுகிறது. நோயாளி இறந்து விசாரணை வந்தால் கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், வர எவ்வளவு நேரமானது என்று அப்போதே எழுதி வைத்தவருக்கும் எழுதாதவருக்கும் பெரிய வித்தியாசம். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை சிறை. ஆனால் சாதாரணத் தவறு குற்றமாகிவிடாது, கடும் அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் நம்பகமான கருத்து இல்லாமல் வழக்கை நடத்தக் கூடாது என்ற ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின் (2005) பாதுகாப்பு இருக்கிறது. காவல் நிலையத்தில் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இழப்பீட்டு வழக்குகளில் மருத்துவர் நிரந்தரமா, ஒப்பந்தமா என்று காட்டி மருத்துவமனை தப்ப முடியாது என்பது 2004இல் சவிதா கார்க் வழக்கிலேயே முடிந்த விஷயம். இதற்குப் பின்தான் ஒப்பந்தங்களில் ஒரு வரியைத் தேட வேண்டும்: 'மருத்துவரின் செயலால் ஏற்படும் இழப்பை மருத்துவர் ஈடுசெய்வார்.' நோயாளிக்கு மருத்துவமனை பணம் கட்டிவிட்டு உங்களிடம் திரும்பி வர வைக்கும் வரி அது. நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் காப்பீட்டுத் தொகை அளவுக்காவது வரம்பு கேளுங்கள். 'எங்க இன்சூரன்ஸ் இருக்கு' என்ற வாய்மொழி போதாது. அந்தப் பாலிசியில் உங்கள் பெயர் இருக்கிறதா? சம்பவம் நடந்த நாளுக்கா, வழக்கு வந்த நாளுக்கா அது பொருந்தும்? பல பாலிசிகள் வழக்கு வந்த நாளைத்தான் பார்க்கின்றன. அப்படியானால் நீங்கள் விலகி ஓராண்டு கழித்து நோட்டீஸ் வந்தால் அந்தக் குடை உங்களுக்கு இருக்காது. சொந்தப் பெயரில் ஒரு பாலிசி எடுத்து விட்டுப்போகாமல் புதுப்பித்து வருவது நல்லது.

அடிதடி பற்றியும் சேரும்போதே பேசிவிட வேண்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரை சிறை என்கிறது தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டம். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டபோது அந்தச் சட்டத்துக்குப் பதினாறு வயது. சட்டம் இருக்கிறது, புகாரில் கையெழுத்திடுவது யார் என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்த மருத்துவர் கொலைக்குப் பின், ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும் என்று மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. தனியார் நிர்வாகத்திடமும் அதே வழக்கத்தை நியமனக் கடிதத்தில் ஒரு வரியாகக் கேட்கலாம். பேர் கெட்டுவிடும் என்று உறவினர்களோடு சமாதானம் பேசி அனுப்பிவிடும் நிர்வாகங்களில், அடிபட்டவர் தனியாகத்தான் காவல் நிலையம் ஏற வேண்டியிருக்கும்.

சம்பளப் பாக்கி, சான்றிதழ் முடக்கம் என்று வந்தால் தொழிலாளர் நீதிமன்றத்தை நம்பிப் போகாதீர்கள். மருத்துவரைத் தொழிலாளராக ஏற்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தயங்கியே வந்திருக்கின்றன. வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு என்பதே வழக்கமான பாதை. முதல் நோட்டீஸிலேயே முடிந்துவிடுபவையும் உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

வேலையை விட்ட பிறகும் விடாத ஒன்று சம்மன். நீங்கள் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதிய விபத்தும் வெட்டுக்குத்தும் விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகும். அப்போது நீங்கள் வேறு மாவட்டத்திலோ வேறு நாட்டிலோ இருக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சாட்சியைக் காணொலி வழியே விசாரிக்க இடம் தருகிறது; மனுப் போட்டுக் கேட்கலாம். பழைய மருத்துவமனை அந்தச் சம்மனை உங்களுக்கு அனுப்பி வைக்கும் என்று நம்பியிருக்காமல், விலகும்போதே புதிய முகவரியை அங்கேயும் மருத்துவக் கவுன்சிலிலும் பதிந்து, ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.