அகதி செய்த வேலை

ஓசூர் ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணை முகாமில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை பொறியியல் முடித்தாலும், அப்பாவைப் போலப் பெயின்ட் வாளியைத் தூக்கும் நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. படிப்பு இருக்கிறது, கையில் கடவுச்சீட்டு இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், அகதி என்ற சட்டத் தகுதியும் கிடையாது. உதவித்தொகை வாங்குகிறவர்கள்தானே என்ற பார்வை வேலைக்கான இந்தத் தடையை நியாயமாக்கிவிடுகிறது. அந்தப் பார்வை தவறு என்பதற்கு எஸ்.சி. சந்திரகாசனின் வாழ்க்கையே போதுமான சான்று.

ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகனான அவர் ஒரு வழக்கறிஞர். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்து, 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, திம்புவில் தமிழ் அமைப்புகளுடன் இலங்கை அரசு நடத்திய பேச்சு முறிந்த வேளையில், இந்திய அரசு அவரை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. அங்கே தஞ்சம் கேட்க மறுத்துத் திரும்பி வந்தார். வந்தவர் பிடித்துக்கொண்டது படிப்பையும் பிறப்புச் சான்றிதழையும். முகாமில் பிறந்த குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், அவர்கள் பிறந்த ஊர் எல்லாம் ஒரு தாளில் ஏறாவிட்டால், அந்தக் குடும்பம் இலங்கையின் பதிவேட்டிலிருந்தே மறைந்துபோகும். இழந்த ஊருக்கான நினைவேந்தல் என்றால் தூணும் தீபமும் மட்டும்தானா? ஊர்ப்பெயர் தாங்கிய அந்தத் தாளும் நினைவேந்தல்தான். சொல்லப்போனால் அதைவிட உறுதியானது. 2004இல் சுனாமி அடித்தபோது, முகாம்களில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் நாகப்பட்டினம் மீனவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள். உதவி பெற்றவர்களே உதவப் போன நிகழ்வு அது.

தலைவர் வீட்டுப் பிள்ளை, அவரால் முடிந்தது என்பார்கள். தொடங்கியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் முகாம்தோறும் அந்த வேலையைச் சுமந்தவர்கள் பெயர் தெரியாத முகாம்வாசிகள். ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு இங்கே வேலை எதற்கு என்பது கனமான கேள்வி. சந்திரகாசனே திரும்பிச் செல்வதை வலியுறுத்தியவர். அதற்காகத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கைத்தொழிலும் அனுபவமும் இல்லாமல் திரும்புகிறவர் அங்கேயும் அகதியாகத்தான் நிற்பார். உள்ளூர்க்காரர் வேலை பறிபோகும் என்ற அச்சமோ, பிற மாநிலங்களிலிருந்து ஆள் சேர்க்கும் ஓசூரில் நிற்காது.

தமிழக அரசு 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்து, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பாராட்ட வேண்டிய செயல். குடியுரிமை மட்டும் தில்லியின் கையில் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதே அதற்கு ஆதாரம். ஆனால் முதல் வேலை தேடி இன்று ஓசூர் ஆலைகளுக்கு விண்ணப்பிக்கும் முகாம் பிள்ளைகள் அனைவரும் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள்.